பனிக்குழியில் பிறக்கும் பிள்ளை: துருவக்கரடி பற்றிக் கேட்டீர்கள்

போன வாரம் ஒரு வீடியோ நம் ஊர் கைபேசிகளில் எல்லாம் சுற்றியது. நடுக்கடலில் ஒரு விசைப்படகு, அதன் பக்கத்தில் நனைந்து நடுங்கும் வெள்ளைக் கரடிக்குட்டி, அதைத் தூக்கி மடியில் வைத்துப் பால் புகட்டும் மீனவர்கள். அதைப் பார்த்த பிள்ளைகளும் பெரியவர்களும் எனக்குக் கேள்விகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் விலங்கியல் நடத்தியவள் நான். மண்டபம் என்கிற நம் கடற்கரை ஊரில் உட்கார்ந்துகொண்டு ஆர்க்டிக் பற்றிப் பேச எனக்குக் கூச்சமில்லை. கேட்டவற்றில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

பாம்பன், எட்டாம் வகுப்பு மாணவி: டீச்சர், துருவக்கரடிக் குட்டி பிறக்கும்போது எவ்வளவு பெரிதாக இருக்கும்?

உன் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பாப்பா. எடை சுமார் 600 கிராம், நீளம் ஓர் அடி. நம் வீடுகளில் பிறக்கும் மூன்று கிலோ பிள்ளையோடு வைத்துப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் அம்மாவோ இருநூறு, முந்நூறு கிலோ இருப்பாள். அவ்வளவு பெரிய தாய்க்கு ஏன் இவ்வளவு சின்னப் பிள்ளை? அதில்தான் முழுக் கதையும் இருக்கிறது.

ஆணும் பெண்ணும் சேர்வது ஏப்ரல், மே மாதங்களில், கடல் பனியின் மேல். கரு உண்டானாலும் உடனே வளராது. சில மாதம் கருப்பைக்குள் சும்மா மிதந்துகொண்டிருக்கும். அந்த வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் தாய் எவ்வளவு கொழுப்புச் சேர்க்கிறாள் என்பதைப் பொறுத்துத்தான் மீதி நடக்கும். நன்றாகத் தின்று, இரண்டு மடங்குகூட ஆகிவிடுகிற தாயும் உண்டு. அப்படிச் சேர்த்திருந்தால் இலையுதிர் காலத்தில் கரு ஒட்டி வளரத் தொடங்கும். சேர்க்காவிட்டால் அந்த வருடம் பிள்ளை கிடையாது.

அக்டோபர், நவம்பரில் அவள் பனிமேட்டில் குழி தோண்டுவாள். வாசல் ஒடுக்கமான சுரங்கம் மாதிரி இருக்கும், உள்ளறை அதைவிடச் சற்று உயரத்தில் இருக்கும். சூடான காற்று மேலே போகும் அல்லவா? அது உள்ளறையிலேயே தங்கிவிடும். வெளியே மைனஸ் முப்பது அடித்தாலும், தாயின் உடம்புச் சூட்டினால் உள்ளே அதைவிட இருபது டிகிரிக்கு மேல்கூட அதிகமாக இருக்கலாம். குட்டிகள் பெரும்பாலும் டிசம்பரை ஒட்டிப் பிறக்கும். வழக்கமாக இரண்டு, சில சமயம் ஒன்று, அரிதாக மூன்று. கண் திறந்திருக்காது, பல் இருக்காது. மெல்லிய ரோமம் மட்டும் இருக்கும். கண் திறக்க ஒரு மாதம் ஆகும். பாலில் ஏறத்தாழ முப்பது சதவீதம் கொழுப்பு. நீ குடிக்கிற பசும்பாலில் நாலு சதவீதம், எருமைப்பாலில் ஏழு. அந்தப் பாலைக் குடித்து மார்ச், ஏப்ரலில் வெளியே வரும்போது குட்டி பத்து, பன்னிரண்டு கிலோ ஆகியிருக்கும்.

ஏர்வாடியிலிருந்து ஒரு அக்கா: குழிக்குள் அம்மா என்ன சாப்பிடும்?

ஒன்றும் சாப்பிடாது. ஒரு வாய்கூட இல்லை. நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு முன்னால் கையில் காசு சேர்த்துவைத்த வீடு தாண்டிவிடும், சேர்க்காத வீடு வட்டிக்கு வாங்கும். தாய்க்கரடிக்குத் தடைக்காலம் நாலைந்து மாதம், வட்டிக்குக் கொடுக்கவும் யாரும் இல்லை. கனடாவின் ஹட்சன் விரிகுடா பக்கம் இன்னும் கஷ்டம். அங்கே கோடையில் கடல் பனி முழுவதும் உருகிவிடுவதால் கரடிகள் கரைக்கு வந்துவிடும். கர்ப்பிணி அங்கிருந்தே நேராகக் குழிக்குள் போய்விடுவாள். அவள் எட்டு மாதம்வரை பட்டினி கிடக்கிறாள். அந்தப் பட்டினியிலேதான் பிள்ளை பெற்று, பாலும் கொடுக்கிறாள். இதை நான் முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

தொண்டி, ஆறாம் வகுப்பு: கரடிக்குட்டி பென்குயின் சாப்பிடுமா?

இல்லை தம்பி. கரடி வட துருவத்தில், பென்குயின் தெற்கில். இரண்டும் சந்திப்பதே இல்லை.

கீழக்கரை, சிங்கப்பூரில் இருபது வருடம் வேலை பார்த்தவர்: அங்கே விலங்குக் காட்சிச் சாலையில் நானே ஒரு வெள்ளைக் கரடியைப் பார்த்தேன். வெயில் ஊரில் அது வளர்ந்ததே, எப்படி?

காக்கா (அண்ணன்), நீங்கள் பார்த்தது இனுகாவாகத்தான் இருக்கும். 1990 டிசம்பர் 26 அன்று அங்கேயே பிறந்தது. வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் துருவக்கரடி. குட்டியாக இருந்தபோது அம்மா ஷீபா கூடவே இருந்தாள். 2018 ஏப்ரலில், முதுமையும் நோயும் முற்றியதால், வலியில்லாமல் அதன் உயிரை முடித்தார்கள். நடுவில் 2004இல் தாய், பிள்ளை இரண்டுக்குமே ரோமம் பச்சையாகிவிட்டது. துருவக்கரடியின் மேல்ரோமம் வெள்ளை அல்ல. நிறமே இல்லாத, உள்ளே குழலாக இருக்கிற முடி அது. அந்தக் குழலுக்குள் பாசி வளர்ந்துவிட்டது. மருந்துபோட்டுச் சரிசெய்தார்கள். அது உயிரோடு இருந்தது உண்மை, பராமரித்தவர்களின் அக்கறையும் உண்மை. ஆனாலும் அந்தக் குட்டிக்குப் பனிக்குழி கிடைக்கவில்லை, கடல் பனி கிடைக்கவில்லை, வேட்டை கிடைக்கவில்லை. அதை வளர்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திருப்பாலைக்குடி: மீனவர்கள் குட்டியைக் காப்பாற்றுகிற வீடியோ உண்மையா?

பொய். கணினி தயாரித்தது. குட்டியின் கால் விரல்களையும், மீனவரின் கை குட்டியின் ரோமத்தில் படுகிற இடத்தையும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், தெரியும். கரடிக்குட்டி தனியாக இருப்பதாகத் தெரிந்தால் அதன் தாய் பக்கத்தில்தான் இருப்பாள். குட்டியைத் தூக்க வருகிற மனிதனை அவள் விடமாட்டாள். குட்டியைத் தொடாதீர்கள். எந்தக் காட்டுக்குட்டிக்கும் இது பொருந்தும்.

மண்டபம், நாட்டுப்படகு மீனவர்: டீச்சர், நீங்கள் முன்பு ஒருமுறை கரடியைக் கடல் பிராணி என்று சொன்னீர்கள். பனிக்குழியில் பிறக்கிறது, நாலு காலில் நடக்கிறது. கடல் பிராணி என்றால் ஆவுளியா (கடற்பசு). கடலிலே பிறந்து கடலிலே சாகும். இரண்டையும் ஒரே கூடையில் போடலாமா?

அண்ணே, நல்ல கேள்வி. 1774இல் ஃபிப்ஸ் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி இதற்கு வைத்த அறிவியல் பெயர் உர்சஸ் மாரிட்டிமஸ். கடற்கரடி என்று அர்த்தம். அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுக் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்திலும் திமிங்கிலத்தோடு இதையும் சேர்த்திருக்கிறார்கள். காரணம், இதன் சோறு முழுவதும் கடலிலிருந்து வருகிறது. பங்குனி ஆமை முட்டையிடக் கரைக்கு வருகிறது, அதற்காக அதை நிலத்துப் பிராணி என்போமா?

அதே மீனவர்: ஆமை ஒரு ராத்திரி வந்து போகும். ஆண் ஆமை கரையேறுவதே கிடையாது. கரடி மாதக்கணக்கில் கரையில் கிடக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள்.

இராமேசுவரம், கல்லூரி மாணவர்: மேடம், சோறு கடலில் இருந்தால் கடல் பிராணி என்றால், மீன் தின்னும் நாரையும் கடல் பிராணியா?

இரண்டு பேரும் சேர்ந்து மடக்குகிறீர்கள். சரி, முறையாகச் சொல்கிறேன்.

நீச்சலை வைத்துப் பார்த்தால் மீனவர் அண்ணன் சொல்வதுதான் சரி. ஆவுளியாக் கன்று பிறக்கும்போதே ஒரு மீட்டருக்கு மேல் நீளம், இருபது கிலோவுக்கு மேல் எடை. பிறந்ததும் மேலே வந்து மூச்சு வாங்கும். தாயின் துடுப்பு அடியில் இருக்கும் காம்பில் பால் குடித்துக்கொண்டு, ஒன்றரை வருடம் அவள் பக்கத்திலேயே நீந்தும். கரடிக்குட்டியை அந்தத் தண்ணீரில் விட்டால் பிழைக்காது. தோலுக்கடியில் கொழுப்பு போதாது, நனைந்தால் விறைத்துவிடும். அதனால் சின்னக்குட்டியோடு நீண்ட தூரம் நீந்துவதைத் தாய் தவிர்ப்பாள். 2008இல் அலாஸ்காவுக்கு வடக்கே உள்ள பியூஃபோர்ட் கடலில், இருக்குமிடம் காட்டும் கழுத்துப்பட்டை மாட்டிய ஒரு தாய்க்கரடி நிற்காமல் ஒன்பது நாளில் 687 கிலோமீட்டர் நீந்தியது. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. ஒரு வயதுக் குட்டி கூட இருந்தது. மறுபடி கண்டபோது அந்தக் குட்டி இல்லை.

நாரைக்கு வருவோம். நாரை கடலிலும் மேயும், கண்மாயிலும் மேயும். வைகைத் தண்ணீர் பெரிய கண்மாயில் நிறைந்தால் அங்கே போய்விடும். கரடிக்கு அந்த வசதி இல்லை. கரையில் கிடைக்கும் பெர்ரிப் பழம், பறவை முட்டை எதுவும் அந்த உடம்புக்குக் காணாது. கடல் பனி இல்லாவிட்டால் அதற்குச் சீல் (அது தின்னும் கடல்நாய்) இல்லை, சீல் இல்லாவிட்டால் கொழுப்பு இல்லை, கொழுப்பு இல்லாவிட்டால் பிள்ளை இல்லை. பனி உருகிய காலத்தில் கரையில் கிடப்பது படகைக் கரையேற்றிவிட்டு உட்கார்ந்திருப்பது மாதிரி. தடைக்காலத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருப்பதால் நீங்கள் விவசாயி ஆகிவிடுவீர்களா அண்ணே?

அதே மீனவர்: ஆகமாட்டேன். அப்படியானால் அது கடலில் பிறந்த பிராணி இல்லை, கடலில் தொழில் செய்கிற பிராணி. பனிதான் அதற்கு வத்தை (நாட்டுப்படகு).

இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. இனி வகுப்பில் இப்படித்தான் சொல்வேன்.

தேவிபட்டினம், ஐந்தாம் வகுப்பு: கரடி பென்குயினைப் பிடித்தால் என்ன ஆகும்?

மேலே தொண்டித் தம்பிக்குச் சொன்னதைப் படி.

பரமக்குடியிலிருந்து ஒரு அம்மா: அப்பா கரடி குட்டிகளைப் பார்த்துக்கொள்ளுமா?

இல்லை. பிள்ளை பிறந்ததே அதற்குத் தெரியாது. சில ஆண் கரடிகள் குட்டிகளைக் கொன்றும் இருக்கின்றன. தூரத்தில் ஆண் வாடை வந்தாலே தாய் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு விலகிவிடுவாள். முடியாவிட்டால், தன்னைவிடப் பெரிய ஆணையும் எதிர்த்து நிற்பாள்.

உச்சிப்புளி, பன்னிரண்டாம் வகுப்பு: குட்டி வேட்டையை எப்படிக் கற்றுக்கொள்கிறது?

பார்த்துப் பார்த்துத்தான். குழியிலிருந்து வெளியே வந்ததும் உடனே கிளம்பமாட்டார்கள். சில நாள், சில சமயம் இரண்டு வாரம்வரை குழி வாசலிலேயே இருப்பார்கள். குட்டிகள் சறுக்கும், உருளும், ஒன்றையொன்று கடித்து மல்லுக்கட்டும். கால் உறுதியாவதும் குளிர் பழகுவதும் அங்கேதான். அப்புறம் கடல் பனியை நோக்கி நடை. வழியில் தாய் பள்ளம் தோண்டி உட்கார்ந்து பால் கொடுப்பாள். ஆழமான பனியில் குட்டி அவள் முதுகில் ஏறிக்கொள்வதும் உண்டு.

அவர்கள் கடல் பனிக்கு வந்து சேருகிற நேரமும், வளையச்சீல்கள் குட்டி போடுகிற நேரமும் ஒன்று. சீல் தன் குட்டியைப் பனிக்கடியில் ஒரு சிறு பொந்தில் வைத்திருக்கும். தாய்க்கரடி மோப்பம் பிடித்து, பின்னங்காலில் எழுந்து, முன்னங்கால் இரண்டையும் ஓங்கிப் பொந்தின் கூரையை உடைப்பாள். இன்னொரு முறை, சீல் மூச்சுவிட வரும் ஓட்டைக்குப் பக்கத்தில் அசையாமல் காத்திருப்பது. தூண்டில் போட்டுக் காத்திருப்பவர்களுக்கு அந்தப் பொறுமை தெரியும். குட்டிகள் பின்னால் படுத்திருக்க வேண்டும். முதல் வருடம் முடியாது. எழுந்து ஓடும், விளையாடும், சீல் உஷாராகிவிடும், அன்றைய பாடு போச்சு. பெரும்பாலான முயற்சி வெறுங்கையோடுதான் முடியும். இரண்டாம் வருடம் குட்டி தானும் ஓட்டைக்குப் பக்கத்தில் அம்மாவைப் போலவே படுத்துப் பார்க்கும். சுமார் இரண்டரை வயதில் பிரிவு. தாய் மறுபடி இணை சேரத் தயாராகிவிடுவாள், குட்டிகளை விலக்கிவிடுவாள். தனியாகப் போகும் முதல் ஓரிரு வருடம்தான் அவற்றுக்கு மிகக் கடினமானது.

சாயல்குடி: புவி வெப்பமாவதால் குட்டிகளுக்கு என்ன பாதிப்பு?

மேலே சொன்ன தாயின் கணக்கைத் திரும்பப் பாருங்கள். ஹட்சன் விரிகுடாவில் பனி முன்பைவிட முன்னதாக உருகுகிறது, தாமதமாக உறைகிறது. சீல் கொழுத்திருக்கும் வசந்தத்தில்தான் கரடிக்குப் பெருந்தீனி. அதில் ஒரு வாரம் குறைந்தாலும் தாய் மெலிந்து குழிக்குள் போகிறாள், குட்டி சிறியதாகப் பிறக்கிறது, அல்லது பிறப்பதே இல்லை. அந்த விரிகுடாவின் மேற்குப் பக்கத்தில் 2016இல் 842 கரடி என்று மதிப்பிட்டார்கள். 2021இல் 618. உலகம் முழுவதும் சேர்த்து சுமார் 26,000 என்கிறார்கள். வேட்டையைக் கட்டுப்படுத்த 1973இல் ஐந்து ஆர்க்டிக் நாடுகள் ஆஸ்லோவில் ஒப்பந்தம் போட்டன, அது உண்மையாகவே பலன் கொடுத்தது. துப்பாக்கியை நிறுத்தக் கையெழுத்து போதும். பனியை அப்படி நிறுத்த முடியாது.

வேதாளை: கரையில் ஆவுளியாக் கன்று தனியாக ஒதுங்கினால் எடுத்து வளர்க்கலாமா?

கூடவே கூடாது. வனத்துறைக்கு உடனே சொல்லுங்கள், கூட்டத்தை விலக்குங்கள், உடம்பில் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மூச்சுத் துவாரத்தில் தண்ணீர் விடாதீர்கள். வலையில் சிக்கினால் சீக்கிரம் அறுத்துவிடுங்கள், அது மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். ஆவுளியா பற்றி நிறையக் கேள்வி வந்திருக்கிறது, அதைத் தனியாக எழுதுகிறேன்.

இன்னும் மூன்று பேர்: துருவக்கரடிக் குட்டியை வீட்டில் வளர்க்கலாமா?

முடியாது. பெர்லினில் 2006இல் பிறந்த க்னூட்டைத் தாய் ஒதுக்கிவிட்டாள். பராமரிப்பாளர் ஒருவர் கூடவே படுத்து, புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார். அப்படி வளர்ந்தும் நாலு வயதில், மூளை அழற்சி வந்து, கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீரில் விழுந்து இறந்தது. குட்டியைத் தொடாதீர்கள் என்று மறுபடியும் சொல்கிறேன்.

பனைக்குளம், மூன்றாம் வகுப்பு (அம்மா எழுதி அனுப்பியது): குட்டி அம்மாகிட்ட பேசுமா?

பேசும் கண்ணு. பசித்தால் கத்தும், பயந்தால் சிணுங்கும். பால் குடிக்கும்போது மட்டும் வேறு மாதிரி ஒரு சத்தம். தூரத்தில் படகு எஞ்சின் ஓடுகிற மாதிரி, விடாமல் ம்ம்ம் என்று முனகிக்கொண்டே குடிக்கும்.