அமெரிக்க ஸ்டேட் பார்க்குகளில் வசந்தகால வாலண்டியர் வேலைக்கு நம்மவர்கள் போகலாமா? போனால் என்ன கிடைக்கும்?

போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். "என்ன கிடைக்கும்" என்ற பாதிக்குத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் சொல்லவில்லை, நானே ஊகிக்கிறேன். ஒன்று, ஹெச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் இருப்பவரின் துணையாக, உத்தியோகம் பார்க்கப் பொதுவாக அனுமதி இல்லாமல் வந்து வீட்டில் இருப்பீர்கள். இல்லாவிட்டால் ஹைஸ்கூலில் பிள்ளை இருக்கும், காலேஜ் அப்ளிகேஷனில் போட வாலண்டியர் மணிநேரம் வேண்டும். நம்மவர்கள் இதைக் கேட்பதற்கு மூன்றாவது காரணம் நான் பார்த்ததில்லை. உங்களுக்கு வேறு காரணம் இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

விசா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். களை பிடுங்குவது, குப்பை பொறுக்குவது, பறவைக் கூடுகளைப் பார்த்துக் குறிப்பெழுதுவது என்று பார்க்கில் எப்போதுமே வாலண்டியர்கள் செய்துவரும் வேலையைக் காசு வாங்காமல் செய்வதை யாரும் உத்தியோகம் என்று சொல்வதில்லை. சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலையைச் சும்மா செய்து கொடுத்தால்தான் கேள்வி கிளம்பும். நான் வக்கீல் இல்லை, சந்தேகம் இருந்தால் உங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நானும் ஹெச்-4இல் பல வருஷம் இருந்தவள்தான். டிரைவிங் லைசென்ஸைத் தவிர்த்தால் இந்த ஊரில் என் பெயரை அச்சடித்துக் கொடுத்த ஒரே அட்டை பார்க்கின் வாலண்டியர் பேட்ஜ்தான். அதை இன்னும் வைத்திருக்கிறேன், சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

எனக்குத் தெரிந்தது நியூ ஜெர்சி. இங்கே காலண்டர்படி வசந்தம் மார்ச் 20 வாக்கில் வந்தாலும், பார்க்குகளில் பிப்ரவரியிலேயே மேப்பிள் மரத்தில் துளை போட்டுச் சாறு இறக்கிக் காட்டுவார்கள். இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்களில்தான் சாறு ஓடும். சுமார் 40 கேலன் சாற்றைக் காய்ச்சினால் 1 கேலன் பாகு வரும். பதநீர் காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை, ஆனால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

அப்புறம் மார்ச்சில், குளிர் கொஞ்சம் விட்டு மழை பெய்யும் முதல் இரவுகளில், பல்லி போலிருக்கும் மஞ்சள் புள்ளி சாலமண்டர்களும் வுட் ஃபிராக் என்ற காட்டுத் தவளைகளும் காட்டிலிருந்து இறங்கி, மழைநீர் தேங்கிய குட்டைகளுக்கு முட்டையிடப் போகும். நடுவில் ரோடு இருந்தால் கார் சக்கரத்தில் நசுங்கும். அலமூச்சி மவுண்டன் ஸ்டேட் பார்க்கை ஒட்டிப் போகும் வாட்டர்லூ ரோட்டில் வாலண்டியர்கள் ராத்திரியில் டார்ச்சும் ஒளிரும் மேல்சட்டையுமாக நின்று, அவற்றைக் கையில் எடுத்து மறுபக்கம் விட்டுவந்திருக்கிறார்கள். இதற்குத் தேதி குறிக்க முடியாது. மழை வந்தால் கூப்பிடுவார்கள், ஓட வேண்டும்.

ஏப்ரலில் கார்லிக் மஸ்டர்ட் பிடுங்கும் வேலை இருக்கும். ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் சமையலுக்குக் கொண்டுவந்த செடி, இப்போது காட்டின் தரையையே மூடுகிறது. மரங்களின் வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சைகளை இதன் வேதிப்பொருள் கெடுக்கிறது. பூ வைத்த பிறகு பிடுங்கினால் பையில் கட்டித்தான் போட வேண்டும், கீழே போட்டால் கிடந்தபடியே விதை முற்றிவிடும். ரேஞ்சரிடம் கேட்டு ஒரு கைப்பிடி கொண்டுவந்து துவையல் அரைத்துப் பார்த்தேன். பூண்டு வாசம் உண்டு, கசப்பும் உண்டு. என் வீட்டுக்காரர் இட்லிக்கு மிளகாய்ப்பொடியே போதும் என்றுவிட்டார்.

அதே ஏப்ரலில் கடற்கரைகளில் குப்பை பொறுக்கும் 'பீச் ஸ்வீப்ஸ்' நடக்கும். 1985 முதல் நடக்கிறது, ஐலண்ட் பீச் ஸ்டேட் பார்க்கும் அதில் உண்டு. மே, ஜூனில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் டெலவேர் வளைகுடாக் கரைக்குக் குதிரைலாட நண்டுகள் முட்டையிட ஏறிவரும். அலையில் மல்லாந்து கிடப்பவற்றைத் திருப்பிவிட வாலண்டியர்கள் போகிறார்கள். ஓட்டின் ஓரத்தைப் பிடித்துத் திருப்ப வேண்டும், வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. நியூ ஜெர்சி பக்கத்தில் அந்த முட்டைகளைத் தின்ன வரும் பறவைகளுக்காகக் கரையை மூடி வைத்திருப்பார்கள், அதனால் தனியாகக் கிளம்பிப் போகாமல் பதிவு செய்துகொண்டு போங்கள்.

இதெல்லாம் ஒருநாள், இரண்டு நாள் வேலை. நான் மாட்டிக்கொண்டது வாராவாரம் போக வேண்டிய வேலையில்.

எங்கள் பக்கத்து ஸ்டேட் பார்க்கில் ஒரு புல்வெளியைச் சுற்றிக் கம்பங்களில் மரப்பெட்டிகள் இருக்கின்றன. புளூபேர்ட் என்ற பறவைக்கானவை. ஆணுக்கு முதுகு பளிச்சென்ற நீலம், நெஞ்சு செங்கல் நிறம். இது தானாக மரத்தைக் குடைய முடியாத பறவை. பட்ட மரத்தில் மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில்தான் குடியிருக்கும். பட்ட மரங்களை மனிதர்கள் வெட்டினார்கள், மிச்சம் இருந்த பொந்துகளை வெளியிலிருந்து வந்த இரண்டு பறவைகள் பிடித்துக்கொண்டன, புளூபேர்ட் குறைந்துபோனது. பெட்டிகள் வைத்துத்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். இதற்கென்றே 1978இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டில் ஒன்று ஸ்டார்லிங். 1890இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் விட்டது. பெட்டியின் வாசலை ஒன்றரை அங்குலமாக வைத்தால் ஸ்டார்லிங் நுழைய முடியாது. இன்னொன்று நுழையும். அது 1850களில் புரூக்ளினில் விட்ட பறவை, மரத்துப் புழுக்களைத் தின்னும் என்று நம்பி ஐரோப்பாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஓய்வுபெற்ற பெரியவர் அதன் படத்தைக் காட்டி "இதுதான் எதிரி" என்றார். பார்த்தால் நம்ம ஊர்ச் சிட்டுக்குருவி.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் திருநெல்வேலிக்காரி. எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பின்னாலும் ஃபேன் கிண்ணத்திலும் குருவி கூடு கட்டும். குஞ்சு பறக்கும் வரை அந்த அறையில் ஃபேன் போட ஆச்சி விடமாட்டாள், மே மாத வெயிலிலும். அறுவடை முடிந்தால் குருவிக்கென்று நெற்கதிர்க் கொத்து ஒன்று வாசலில் தொங்கும். அந்த வீட்டிலிருந்து வந்தவளிடம்தான் "கூட்டைக் கண்டால் எடுத்துப் போட்டுவிடுங்கள், முட்டை இருந்தாலும்" என்கிறார்.

வேலை என்னவோ எளிதுதான். வாரம் ஒருமுறை போய்ப் பெட்டியை லேசாகத் தட்டிவிட்டு, பக்கத்துக் கதவைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். கூட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். காய்ந்த புல்லைக் கிண்ணம்போலச் சுற்றி உள்ளே வெளிர்நீல முட்டை இருந்தால் புளூபேர்ட். புல்லின் மேல் வெள்ளை இறகு பரப்பியிருந்தால் ட்ரீ ஸ்வாலோ. பாசி என்றால் சிக்கடி, குச்சியாக நிறைத்திருந்தால் ரென். வைக்கோல், இறகு, பிளாஸ்டிக் துண்டு என்று பெட்டி கூரை வரை அடைத்து வைத்திருந்தால் நம்ம ஆள். குஞ்சுகளுக்குப் பன்னிரண்டு நாளுக்கு மேல் ஆகிவிட்டால் பெட்டியைத் திறக்கவே கூடாது, பயந்து பறக்கத் தெரியாமலே வெளியே குதித்துவிடும். 1918ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று உள்ளூர்ப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் காக்கிறது. சிட்டுக்குருவியும் ஸ்டார்லிங்கும் அதற்குள் வராது.

முதலில் நான் நழுவப் பார்த்தேன். குருவிக் கூடு இருக்கிற பெட்டி என்றால் பெரியவரைக் கூப்பிட்டுவிடுவேன், அவரும் ஒன்றும் சொல்லாமல் வந்து எடுப்பார். பிறகு ஒரு வாரம் ஐந்து முட்டை இருந்த பெட்டியைத் திறந்தேன். தாய் புளூபேர்ட் முட்டைகளின் மேலேயே செத்துக் கிடந்தது. மண்டையைக் கொத்திக் கிழித்திருந்தது. அதன் உடம்பின் மேல் அதற்குள் வைக்கோல் வைத்துக் கூடு கட்ட ஆரம்பித்தாயிற்று. ஆண் குருவி பெட்டியின் கூரையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. ஆச்சி வீட்டு முற்றத்தில் கேட்ட அதே கீச்சு.

அதற்குப் பிறகு நானே எடுக்கிறேன். வருஷாவருஷம் மார்ச் 20 அன்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'சிட்டுக்குருவிகளைக் காப்போம்' என்று படம் வரும். அதே வாரம் நான் கையுறை போட்டுக்கொண்டு அதன் கூட்டைப் பிய்த்துக்கொண்டிருப்பேன். யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். "ஏட்டி, கடல் தாண்டிப் போயி குருவிக் கூட்டக் கலைக்கியாமே, வெளங்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். புளூபேர்ட் கதையைச் சொன்னேன், அப்பாவுக்குப் புரிந்தது. அம்மாவுக்கு இன்றுவரை புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது கீழே என்ன கமெண்ட் வரும் என்று எனக்குத் தெரியும். "நீயே பிழைக்க வந்தவள், குருவியை அந்நியன் என்கிறாயா?" ஒரு பிறந்தநாள் பார்ட்டியில் ஒருவர் இதை நேராகவே கேட்டார். உறைத்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் யார் வீட்டுக்குள்ளும் புகுந்து மண்டையைக் கொத்தவில்லையே. குருவியின் மேல் தப்பு என்றும் நான் சொல்லவில்லை, அதைக் கப்பலில் ஏற்றியவன் மனிதன். பொறி வைத்துப் பெரிய குருவிகளைக் கொல்பவர்களும் இந்த ஊரில் உண்டு. அது என்னால் முடியாது என்று பெரியவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன், அவரும் வற்புறுத்தவில்லை. கூட்டை எடுப்பேன், முட்டையை எடுப்பேன், புளூபேர்ட் முதல் முட்டை இட்டதும் பெட்டிக்கு மேல் ஜிகினாத் தாள் கட்டித் தொங்கவிடுவேன். அந்தத் தாள் ஆடுவதைக் கண்டால் சிட்டுக்குருவி பெரும்பாலும் நெருங்காது, புளூபேர்ட் பழகிக்கொள்ளும். ஊரில் இருந்தால் குருவிக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பேன். இரண்டும் ஒரே ஆள்தான் செய்கிறாள், முரண்பாடு என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

புல்வெளியில் நிற்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு வயிற்றெரிச்சலும் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு நல்ல வெயில், அவ்வளவு நல்ல காற்று, ஆனால் என் வீட்டு பால்கனியில் ஒரு துண்டு காயப்போட எனக்கு உரிமை இல்லை. எங்கள் டவுன்ஹவுஸ் அசோசியேஷனிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது, துணி தொங்கினால் பார்வைக்கு நன்றாக இல்லையாம். மாதாமாதம் பணம் கட்டுவது நாங்கள். அதே அசோசியேஷன் புல்லுக்கு மருந்தடிக்க வருஷத்துக்குப் பலமுறை லாரி அனுப்பும், அது பார்வைக்கு நன்றாக இருக்கிறதாம். சரி, விடுங்கள்.

பிள்ளைக்கு மணிநேரம் வேண்டும் என்பவர்களுக்கு: கையெழுத்துப் போட்டுத் தருவார்கள், அதில் பிரச்சினை இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்துப் போட்ட படிவம் கேட்பார்கள். ஆனால் தயவுசெய்து பிள்ளையை இறக்கிவிட்டு காரில் உட்கார்ந்து போன் பார்க்காதீர்கள். வந்த அரைமணியில் "எத்தனை மணி நேரம் போடுவீங்க?" என்று ரேஞ்சரிடம் கேட்ட அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன், நம்மவர்கள்தான். அதற்குப் பிறகு அந்த ரேஞ்சர் பெண் என்னைப் பார்க்கும் பார்வையே மாறிப்போகும், நானும் அவர்கள் கூட்டம் என்று. பெட்டி வேலையை ஒரு சீசன் முழுக்கச் செய்த பையன்களும் உண்டு. அவர்களிடம் மணிநேரம் பற்றி யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை, நோட்டுப் புத்தகமே பேசியது. அந்தக் குறிப்புகளை கார்னெல் பல்கலைக்கழகத்தின் நெஸ்ட்வாட்ச் தளத்தில் ஏற்றலாம்.

உண்ணியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் திட்டுவீர்கள். நியூ ஜெர்சியில், உண்ணி கடித்து வரும் லைம் நோய் நிஜம். மே, ஜூனில் கடிக்கும் குஞ்சு உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். வெளிர்நிற பேன்ட் போட்டு, அதைக் காலுறைக்குள் செருகுங்கள், பார்க்க அசிங்கமாக இருந்தாலும். வீட்டுக்கு வந்ததும் குளித்து, முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி எல்லாம் பாருங்கள். மூன்று மூன்று இலையாக இருக்கும் கொடியைத் தொடாதீர்கள், அது பாய்சன் ஐவி, பட்டால் தோல் அரித்துத் தடிக்கும்.

பதிவு செய்ய ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டாம். பெட்டிகளைச் சுத்தம் செய்வது குளிர் முடியும் முன்பே நடக்கும், எந்தப் பெட்டி யாருக்கு என்று அப்போதே பிரித்துவிடுவார்கள். பிப்ரவரியில் பார்க் ஆபீஸுக்குப் போன் செய்து, நேச்சர் சென்டரில் வாலண்டியர்களைப் பார்த்துக்கொள்பவர் யார் என்று கேளுங்கள். ஈமெயிலுக்குப் பதில் வராது, போன்தான்.