சர்க்கரை நோய் இருக்கும்போது உடற்பயிற்சி செய்து தெம்பாக இருக்க முடியுமா? எப்படித் தொடங்குவது?

முடியும். எனக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடமாகிறது, வயது 53. வந்த புதிதில் ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். இப்போது தண்ணீர் கேனைத் தோளில் வைத்து மூன்றாவது மாடிக்கு ஏறுகிறேன். ஆனால் தொடங்கிய விதம் தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மதுரையில் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நிறையப் பேர் நடப்பார்கள். நானும் போனேன். கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வந்து சாப்பிடலாம் என்று வெறும் வயிற்றில் நடந்தேன். மூன்றாவது சுற்றில் கை நடுங்கியது, சட்டை நனைந்துவிட்டது, கண் இருட்டியது. குளத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த பெரியவர் ஒருவர், "லோ ஷுகரா தம்பி?" என்று கேட்டபடியே டீக்கடைக்குப் போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கி வந்தார். அவர் முகம் இன்னும் மறக்கவில்லை.

அந்த மாத்திரை, சாப்பாடு உள்ளே போனாலும் போகாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கவைக்கும். நடையும் சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். இந்த வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், எப்போது போட்டு எப்போது நடப்பது என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பொடி, 15 நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட். பிஸ்கட்டும் சாக்லேட்டும் அந்த நேரத்துக்கு உதவாது, கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். என் பாக்கெட்டில் குளுக்கோஸ் பொட்டலம் இல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை.

எனக்குப் பெரிய மாற்றம் தந்தது காலை நடை இல்லை, ராத்திரி சாப்பிட்டதும் தெருவில் நடக்கும் 15 நிமிடம்தான். அதே மூன்று இட்லி, அதே சாம்பார். சாப்பிட்டு உட்கார்ந்துவிட்டால் இரண்டு மணி நேரம் கழித்து 210, நடந்தால் 165 பக்கம். என் மீட்டரில் பலமுறை பார்த்துவிட்டேன். வேலை செய்யும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமல் ரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். அதனால் தசையையும் வளர்க்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, மணல் நிரப்பிய பாட்டில்களைத் தூக்குவது. ஜிம் தேவைப்படவில்லை. மொத்தத்தில் வாரம் 150 நிமிடம், நடுவில் இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்து இடைவெளி விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். கனமான எடை தூக்க ஆசைப்பட்டால் முதலில் கண் விழித்திரையைச் சோதித்துக்கொள்ளுங்கள், சர்க்கரையால் அது பாதித்திருந்தால் எடை தூக்கும் அழுத்தத்தில் ரத்தம் கசியலாம்.

அப்புறம் கால். போன வருடம் நடந்துவிட்டு வந்து ஷூவைக் கழற்றினால் சாக்ஸில் ரத்தம். உள்ளே என் மகளின் தோட்டுத் திருகாணி. அதன் மேலேயே 40 நிமிடம் நடந்திருக்கிறேன், சுருக்கென்றுகூடத் தெரியவில்லை. காலில் உணர்ச்சி குறைந்திருப்பது அன்றுதான் தெரிந்தது. புண் ஆற ஒன்றரை மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு வெள்ளை சாக்ஸ் மட்டும்தான் போடுகிறேன், கறுப்பில் ரத்தம் தெரியாது. ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே விரல் விட்டுத் தடவிப் பார்த்த பிறகே கால் வைக்கிறேன்.