கீப்பர் பந்த அமுக்கி வச்சிக்கிட்டே நின்னா: எட்டு செகண்ட எப்படி எண்றது?

பர்மால மோல்மேன் ஊரு பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணே, கோயில் திருவிழா ஃபுட்பால் டோர்னமெண்ட்டுக்கு நான் ஒருத்தன்தான் ரெஃப்ரி, லைன்ஸ்மேன் கிடையாது. லீடிங்ல இருக்குற டீம் கீப்பர் பந்த கட்டிப்பிடிச்சிட்டு நிக்கிறான். ஆறு செகண்ட், ஃப்ரீ கிக் குடுன்னு ஒரு பக்கம், இல்ல கார்னர்னு இன்னொரு பக்கம். எது சரி?"

கார்னர்தான் தம்பி. 2025 ஜூலைல இருந்து கீப்பர் பந்த கைல எட்டு செகண்ட்தான் வச்சிருக்கலாம், தாண்டினா எதிர் டீமுக்கு கார்னர் கிக். அந்த ஆறு செகண்ட் 2000ல வந்தது, ஆனா அத வச்சி விசில் அடிச்ச ரெஃப்ரி ரொம்ப கம்மி, ஏன்னா அதுக்கு தண்டனை என்னன்னா, பாக்ஸுக்குள்ளயே இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (அதுல நேரா கோல் அடிக்க முடியாது, இன்னொருத்தர் மேல பட்டாகணும்), கீப்பர் டீம்ல பதினோரு பேரும் கோல் லைன்ல வந்து நிப்பாங்க, தள்ளுமுள்ளு ஆகும், இவ்ளோ சின்ன தப்புக்கு இவ்ளோ பெரிய தண்டனையான்னு நம்ம கையே விசில எடுக்காது. நானும் எத்தனையோ மேட்ச்ல பாத்தும் பாக்காத மாதிரி விட்டிருக்கேன், அது தப்பு. இப்ப தண்டனை லேசாயிடுச்சி, அதனால தைரியமா அடிக்கலாம்.

எண்றது எப்ப ஆரம்பிக்கணும்ங்கறதுலதான் எல்லாரும் தடுமாறுறாங்க. பந்து கீப்பர் கைக்குள்ள முழுசா அடங்கினதுக்கு அப்பறம்தான், அது எந்த நிமிஷம்னு முடிவு பண்றது நீ. பந்த தரையில தட்டிக்கிட்டே நின்னாலும், மேல தூக்கிப் போட்டு பிடிச்சாலும் அது கைல இருக்குற கணக்குதான், ஆனா கீழ போட்டு கால்ல வச்சிருந்தா கணக்கே கிடையாது, யார் கத்தினாலும் எண்ணாத. மழைல சேத்துல விழுந்து யார் மேலயோ மோதி கிடக்குறான்னா, எழுந்திரிக்க விட்டுட்டுதான் நான் ஆரம்பிப்பேன். எதிராளி முன்னாடி வந்து நின்னு பந்த விட விடாம மறிச்சா அது அந்த எதிராளி தப்பு, கீப்பர் டீமுக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக்.

முதல் மூணு செகண்ட மனசுக்குள்ள எண்ணு. அடுத்த அஞ்சுக்கு கைய நல்லா மேல தூக்கி, விரல விரிச்சி, ஒவ்வொண்ணா மடக்கு. வாயால எண்ணினா எந்த பாஷைலன்னு ஒரு குழப்பம் வரும், பர்மாக்கார பையன்களும் ஆடுவாங்க இல்ல, விரல் எல்லாருக்கும் புரியும். பந்து கீப்பர் கைக்கு போனதும் நம்ம திரும்பி நடு கிரவுண்டுக்கு ஓடிடுவோம் பாரு, தனியா இருக்கறவன் அத பண்ணவே கூடாது, கண்ணு கீப்பர் மேலயே இருக்கணும், பக்கவாட்டுல நகந்து போ.

விசில் அடிக்கிறப்ப கீப்பர் எந்த பக்கம் நின்னானோ அந்த பக்கத்து கார்னர். முதல் தடவைக்கு கார்டு வேணாம், திரும்ப திரும்ப பண்ணா மஞ்சள் காட்டு.

மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு கேப்டனையும், ரெண்டு கீப்பரையும் கூப்பிட்டு இத சொல்லிடு, டோர்னமெண்ட் நடத்துற பெரியவங்ககிட்டயும் சொல்லி வை, பாதி சண்டை அங்கயே நின்னுடும். இன்னொண்ணு, கூட்டம் கத்துறப்ப நம்ம எண்ணிக்கை தானா வேகமாயிடும், எட்டுன்னு நெனைக்கிறது அஞ்சாத்தான் இருக்கும். வீட்ல கடிகாரத்த வச்சி, கொஞ்சம் ஓடி மூச்சு வாங்குறப்பவே எண்ணிப் பாத்து பழகு.