வாயால் பேசிய வேலை, வராத மீதிப் பணம்

கேள்வி: திருச்சி பக்கம் எலக்ட்ரீசியன் வேலை செய்கிறேன். ஒரு பழைய வீட்டுக்கு வயரிங் முழுவதும் மாற்ற, மெட்டீரியலோடு 60,000 ரூபாய் என்று வாயால் பேசி ஆரம்பித்தேன். சுவரைக் குடைந்தால் பழைய இரும்புப் பைப் எல்லாம் துருப்பிடித்து அடைத்திருந்தது. புது பைப் போட்டேன். நடுவில் வீட்டுக்காரர் இரண்டு ஏசி பாயிண்ட் கூடுதலாகக் கேட்டார். மொத்தம் 87,000 ஆகிவிட்டது. கூகுள் பேயில் 40,000 வந்தது. மீதியைக் கேட்டால், "பேசினது அறுபது, இன்னும் இருபதுதான் தருவேன். மிச்சத்துக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?" என்கிறார். எழுதிக் கொடுத்துத்தான் வேலை தொடங்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? எங்கள் தொழிலில் பேப்பரை நீட்டினால் கஸ்டமர் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்.

பதில்: வீட்டு வயரிங் போன்ற வேலைக்குக் கொட்டேஷனை எழுத்தில்தான் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் பொதுச் சட்டம் இல்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். எழுத்தில் இல்லை என்பதை மட்டும் வைத்து அவர் கைவிரிக்க முடியாது. 20,000-ஐ அவரே ஒப்புக்கொள்கிறார். தகராறு 27,000-க்குத்தான். அதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஏசி பாயிண்டில் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. அவர் கேட்டார், நீங்கள் போட்டீர்கள், அவர் பயன்படுத்துகிறார். இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை அனுபவிப்பவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவு. மேற்கு வங்க அரசுத் துறைக்கு முறையான ஒப்பந்தமே இல்லாமல் கட்டடங்கள் கட்டிக் கொடுத்த பி.கே. மண்டல் அண்டு சன்ஸ் நிறுவனத்துக்கு, இந்தப் பிரிவின்கீழ்தான் உச்ச நீதிமன்றம் பணம் கிடைக்கச் செய்தது.

பைப் விஷயம் அப்படியல்ல. "முழு வயரிங், மெட்டீரியலோடு 60,000" என்று மொத்தமாகப் பேசிவிட்டீர்கள். பைப்பைப் பார்த்துவிட்டு விலை சொல்லியிருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு என்று அவர் வாதாடுவார். அதில் நியாயமும் இருக்கிறது. அடைப்பைக் காட்டி, இவ்வளவு கூடும் என்று சொல்லி, அவர் சரி என்ற பிறகு செய்தீர்களா? ஆம் என்றால் கேட்கலாம். வேலை முடிந்து கணக்கு கொடுக்கும்போதுதான் சொன்னீர்கள் என்றால், வேண்டாம் என்று மறுக்க அவருக்கு வாய்ப்பே தரவில்லை. அந்தத் தொகையை விட்டுக்கொடுத்துப் பேசத் தயாராக இருங்கள்.

இப்போதே போனைத் தேடிப் பாருங்கள். "ரெண்டு ஏசி பாயிண்ட் சேத்துப் போடுங்க தம்பி" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் இருந்தாலே பெரிய பலம். ஹார்டுவேர் கடை பில், பூச்சுக்கு முன் எடுத்த போட்டோ, கூகுள் பே பதிவு, உங்களோடு வேலை பார்த்த பையனின் சாட்சியம் எல்லாமே உதவும். எதையும் அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். வாட்ஸ்அப் பதிவைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் ஒன்று இணைக்க வேண்டியிருக்கும்.

கோபத்தில் போய் ஒயரை உருவவோ, மெயினை ஆஃப் செய்யவோ கூடாது. கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைக்க மெக்கானிக்குக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு உரிமை தருகிறது, வண்டி அவர் கையில் இருப்பதால். சுவருக்குள் போன ஒயர் உங்கள் கையில் இல்லை. உங்கள் மேல்தான் போலீஸ் புகார் வரும்.

கொட்டேஷனுக்கு வருகிறேன். சட்டம் கேட்காவிட்டாலும் எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்பேன், முக்கியமாக உங்களுக்காக. சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அவருக்கு வழி உண்டு. பணம் வரவில்லை என்று நீங்கள் அங்கே போக முடியாது. என்ன வேலைக்கு ஒப்புக்கொண்டீர்கள் என்பதை அங்கே காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டாமா? பேப்பரை நீட்ட வேண்டியதில்லை. இப்படி ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போதும்:

"சார், நேற்றுப் பேசியபடி 40 பாயிண்ட், ஒயர், சுவிட்ச், கூலி சேர்த்து 60,000. பூச்சு வேலை இதில் சேராது. பழைய பைப் அடைத்திருந்தால் போட்டோ அனுப்பி, ரேட் சொல்லி, நீங்கள் ஓகே சொன்ன பிறகுதான் மாற்றுவேன். அட்வான்ஸ் 20,000. சரி என்றால் பதில் போடுங்கள்."

"ஓகே" வந்த பிறகு சுவரில் கை வையுங்கள். நடுவில் எது கூடினாலும் இதே மாதிரி. ஒயர் கம்பெனிப் பெயரையும் சேர்த்து எழுதினால் பாதிச் சண்டை வராது. இதற்கே முகம் சுளிக்கிற கஸ்டமர் கடைசியில் பணம் தரும்போதும் இழுத்தடிப்பார் என்பதுதான் என்னிடம் வரும் வழக்குகளில் நான் பார்ப்பது. வேலை முடிந்ததும் பில்லும் கொடுங்கள். விதிப்படி தர வேண்டிய பில்லைத் தராமல் விடுவதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

பாக்கியை வசூலிக்க, முதலில் ஏசி பாயிண்ட், பைப் என்று கணக்கைத் தனித்தனியாக எழுதி, ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால், கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுக்கலாம். அவரையும் அழைத்துப் பேசுவார்கள். அவர்கள் நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் உடன்பாடு எட்டினால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அங்கும் மசியாவிட்டால் சிவில் வழக்குத்தான். வேலை முடிந்ததிலிருந்து 3 வருடத்துக்குள் போட வேண்டும். அவர் தருவதாகச் சொல்லும் 20,000-ஐ இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் "முழுக் கணக்கும் தீர்ந்தது" என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.