அப்டேட் செய்ய எது சுலபம்? கேள்வி பதில்

கே: அண்ணா, விண்டோஸ், மேக், உபுண்டு மூன்றில் எதை அப்டேட் செய்வது சுலபம்?

ப: என் ஓட்டு உபுண்டுவுக்கு. அதன் அப்டேட்டரைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்தினால் சிஸ்டத்தோடு லிப்ரே ஆபீஸ் போன்ற மென்பொருள்களும் சேர்ந்தே புதுசாகிவிடும். விண்டோஸிலும் மேக்கிலும் தனியாக நிறுவிய மென்பொருள்கள் பலவும் தனித்தனியாக வந்து கதவைத் தட்டும்.

கே: விண்டோஸ் மட்டும் ஏன் 'அணைக்காதீர்கள்' என்று இவ்வளவு நேரம் உட்கார வைக்கிறது?

ப: ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் பிடித்து வைத்திருக்கும் கோப்பை விண்டோஸில் பெரும்பாலும் மாற்ற முடியாது. அதனால் புதுக் கோப்புகளை இறக்கி ஓரமாக வைத்துக்கொண்டு, ரீஸ்டார்ட் ஆகும்போது மாற்றுகிறது. உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் அதே பெயரில் புதுக் கோப்பை வைத்துவிடலாம். ஓடும் புரோகிராம் பழையதிலேயே ஓடும், மூடித் திறந்தால் புதியது வந்துவிடும். கெர்னல் போன்ற அடிப்படைப் பகுதி மாறினால்தான் ரீஸ்டார்ட் தேவை.

கே: கணக்காளர் நான். 20ஆம் தேதி ஜிஎஸ்டி தாக்கல் நேரத்தில் அப்டேட் வந்து நின்றால் என்ன செய்வது சார்?

ப: விண்டோஸின் பாதுகாப்பு அப்டேட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும், நமக்கு அன்று இரவு. அந்த வார இறுதிக்குள் போட்டுவிட்டு, 20 தாண்டும்வரை அப்டேட்டை நிறுத்தி (Pause) வைத்துவிடுங்கள். ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்தால் மீட்டர்டு கனெக்‌ஷனையும் ஆன் செய்யுங்கள், டேட்டா மிஞ்சும்.

கே: அப்டேட் பிடிக்கவில்லை என்றால் பழையதற்குத் திரும்ப முடியுமா?

ப: இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும். விண்டோஸ் 11இல் பெரிய வெர்ஷன் மாற்றத்துக்குப் பிறகு பொதுவாக 10 நாள் அவகாசம் உண்டு. மேக்கில் டிஸ்க்கை அழித்துத்தான் பழைய வெர்ஷனைப் போட வேண்டும், அதனால் மேக்கிலேயே இருக்கும் டைம் மெஷினில் பேக்கப் எடுக்காமல் கை வைக்காதீர்கள். 2019இல் வந்த கேட்டலினா என்ற மேக் வெர்ஷனில் பழைய 32 பிட் மென்பொருள் எதுவுமே ஓடாது. தெரிந்த அச்சகம் ஒன்றில் பழைய லேஅவுட் மென்பொருளுக்காக ஒரு மேக்கை இன்றும் அதற்கு முந்தைய மொஹாவேயிலேயே, இணையத்தில் இணைக்காமல் வைத்திருக்கிறார்கள்.

கே: என் லேப்டாப்பில் விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான டிபிஎம் 2.0 இல்லை. விண்டோஸ் 10 ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதே?

ப: 4 ஜிபி ரேம் இருந்தால் உபுண்டு போன்ற இன்னொரு லினக்ஸான லினக்ஸ் மின்ட் 22 போடலாம், 2029 வரை அப்டேட் உண்டு. சிஸ்டத்தின் அப்போதைய நிலையைச் சேமித்து வைக்கும் டைம்ஷிஃப்டும் கூடவே வருகிறது. அப்டேட்டுக்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால், மெஷின் எழும்பாவிட்டாலும் மின்ட்டை நிறுவிய பென் டிரைவிலிருந்து துவக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். நிறுவும் முன் மின்ட்டை அதே பென் டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபை, பிரிண்டர் இரண்டும் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.