வங்கி வேலையை விட்டுக் கலை வரலாறு படிக்கலாமா? கேள்வி பதில்

குமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. நானும் வங்கிக் கடன் பிரிவில் இருந்துவிட்டு கலை வரலாறு எம்.ஏ. படிக்கப் போனவன். அந்த அளவில் பதில் சொல்கிறேன்.

அண்ணா, நான் பி.காம். படம் வரையச் சுத்தமாக வராது. சேர்த்துக்கொள்வார்களா? (மார்த்தாண்டம், தனியார் வங்கி ஊழியர்)

வரைய வேண்டாம் தம்பி. பார்த்ததை எழுதத் தெரிந்தால் போதும். டெல்லி ஜேஎன்யுவில் கலை, அழகியல் எம்.ஏ.வுக்கு எந்தப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். அதற்கு க்யூட் (CUET) எனும் தேசியப் பொது நுழைவுத் தேர்வின் முதுநிலைத் தாளை எழுத வேண்டும். பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகம், சாந்திநிகேதன், நொய்டாவின் இந்தியப் பாரம்பரிய நிறுவனம் ஆகியவற்றிலும் கலை வரலாற்று முதுநிலைப் படிப்பு உண்டு. தகுதி விதி இடத்துக்கு இடம் மாறும், அந்த வருட அறிவிப்பைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஆடிட்டர் ஆபீசில் இத்தனை வருஷம் கணக்குப் பார்த்ததெல்லாம் வீண்தானா அண்ணா? (தக்கலை)

வீணா? உங்களைப் போன்றவர்கள்தான் இந்தத் துறைக்கு வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்துப் பாருங்கள். செப்புத் திருமேனி எத்தனை விரல் உயரம், நகை எத்தனை கழஞ்சு (பழைய எடை அளவு), முத்து எத்தனை என்று ஸ்டாக் ரெஜிஸ்டர் போலவே இருக்கும். கோயில் பணத்தை ஊர்ச் சபைகளிடம் முதலாகக் கொடுத்து, காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 சதவீதம், வட்டி வாங்கியிருக்கிறார்கள். அந்த வட்டியில்தான் பூஜைச் செலவு. கலை வரலாற்று மாணவர்கள் பலர் இந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுவார்கள். உங்களுக்கு அங்கேதான் சுவாரசியம் தொடங்கும்.

இன்னொன்று, ஒரு சிலை யார் யார் கை மாறி வந்தது என்று தேடும் வேலை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 1970 வாக்கிலேயே இந்தியாவை விட்டு வெளியே போன சிலை என்று விற்றவர் காகிதம் காட்டினார். ஆனால் 1994-ல் அது கோயிலிலேயே இருந்ததற்குப் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திடம் புகைப்படம் இருந்தது. 2014-ல் சிலை திரும்பி வந்தது. போலி வவுச்சரைப் பிடிப்பதும் இதுவும் ஒரே புத்திதான்.

மொழி எதுவும் படிக்கணுமா? வீட்டில் தமிழும் மலையாளமும் பேசுவோம். (களியக்காவிளை)

பாதி வேலை முடிந்தது! அப்புறம் பழைய கல்வெட்டு எழுத்துகளான வட்டெழுத்தும் கிரந்தமும் படிக்கப் பழகுங்கள். சிதறால் மலையில் இந்தப் பகுதியை ஆண்ட ஆய் மன்னன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தானே.

மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இப்போது போய் வேலையை விடுகிறேன் என்கிறாள். இந்தப் படிப்பு சோறு போடுமா தம்பி? (நாகர்கோவில், ஒரு தகப்பனார்)

ஐயா, வங்கிச் சம்பளம் உடனே கிடைக்காது. அருங்காட்சியகம், கலைக்கூடம், ஏல நிறுவனம் எல்லாவற்றிலும் காலியிடம் குறைவு. கல்லூரியில் பாடம் எடுக்க நெட் தேர்வில் காட்சிக் கலை எழுதித் தேற வேண்டும். அவர் தலையில் கடன் தவணை ஏதும் இல்லாமல், இரண்டு வருடச் செலவுக்குக் கையிருப்பும் இருந்தால் தடுக்காதீர்கள். இல்லையென்றால் ஒரு வருடம் சேர்த்துவிட்டுப் போகட்டும். வரன் விஷயம் அவரிடமே கேளுங்கள்.

லண்டன் போகலாமா?

கோர்ட்டால்ட், சோவாஸ் இரண்டும் நல்ல இடங்கள். முதுநிலை ஒரே வருடம். உதவித்தொகை கிடைத்தால் போங்கள். வீட்டை அடமானம் வைத்து வேண்டாம், வட்டிக் கணக்கு உங்களுக்கே தெரியும்.

விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை கேட்கிறார்கள். எதைப் பற்றி எழுத? (குலசேகரம்)

"சிறு வயது முதலே கலையில் ஆர்வம்" என்று தொடங்க வேண்டாம், எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். ஒரே பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பத்மநாபபுரம் அரண்மனைப் பூமுகத்து (முகப்பு மண்டபம்) கூரையில் செதுக்கிய மரப்பூக்களை எடுக்கலாம். கொஞ்ச தூரத்திலேயே சுசீந்திரம் கோயில் பெரும்பாலும் கல். அரண்மனையில் ஏன் மரம்? இல்லாவிட்டால் அரண்மனை நிர்வாகத்தையே எடுங்கள். 1956-ல் இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தும் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறைதான் பார்க்கிறது. ஒரு மாநிலம் இன்னொரு மாநில மண்ணில் கலைப்பொருளைக் காப்பாற்றும்போது பராமரிப்புப் பணம் எங்கிருந்து வருகிறது, எதைப் பழுதுபார்ப்பது என்று யார் முடிவெடுக்கிறார்கள்? நிதி படித்தவர் இதை எழுதினால் தேர்வுக்குழு நிமிர்ந்து உட்காரும். மேல்மாடிச் சுவரோவியங்களைப் பார்க்க முன்கூட்டியே அனுமதிக்கு எழுதிப் போடுங்கள், பொதுவாக அங்கே விடுவதில்லை. திங்கட்கிழமை போய்விடாதீர்கள், விடுமுறை.