குளிரில் வியர்த்தால் பைக்கை ஓரங்கட்டுங்கள்

கேள்வி: நண்பர்கள் ஒன்பது பேர் ஒரே நாளில் ஹட்டனிலிருந்து நுவரெலியா, வெலிமடை, எல்ல வழியாக வெல்லவாய வரை பைக்கில் போய் வந்தோம். எனக்கு வயது 49. சீனி வியாதியும் பிரஷரும் உண்டு, இரண்டுக்கும் மருந்து எடுக்கிறேன். அன்றைக்கு விரல் விறைப்பு, காது அடைப்பு, முதுகு வலி, கடும் மஞ்சளாகச் சிறுநீர். ஹக்கல தாண்டி இறங்கும்போது திடீரென வியர்த்து, தலை ஒரு மாதிரியாகி, சில வளைவுகளை எப்படிக் கடந்தேன் என்றே ஞாபகமில்லை. கை நடுங்கவில்லை, நெஞ்சு படபடக்கவில்லை, அதனால் சீனி குறைந்திருக்காது. இணையத்தில் தேடினால் மலை உயர நோய், பக்கவாதம், மாரடைப்பு என்று வருகிறது. என் அப்பா 51 வயதில் மாரடைப்பில் போனவர். இனி நான் பைக் ஓட்டலாமா? – ஒரு வாசகர், ஹட்டன்

பதில்: ஓட்டலாம். இந்த வாரம் வேண்டாம். அன்றைக்கு உங்களுக்கு இரத்தத்தில் சீனி விழுந்திருக்கிறது.

உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் விரலுக்கும் காதுக்கும் மட்டும் ஒன்றரைப் பக்கம். எனக்கு வேண்டியது மூன்றாம் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் கிடந்தது: "பகல் பண்டாரவளையில் பிரியாணி என்று பேசி வைத்திருந்ததால், காலையிலேயே கிளிக்லசைட் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டேன்." ஐந்து மணிக்குச் சீனி வியாதிக்கான அந்தக் குளிசை இரண்டு, கூடவே சீனி போடாத பிளேன்டி. அதற்குப் பிறகு பத்தரை மணி வரை வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை.

மதியம் பிரியாணி வரும் என்பது உங்களுக்குத் தெரியும், குளிசைக்குத் தெரியாது. கிளிக்லசைட் கணையத்திலிருந்து இன்சுலினைக் கறந்து எடுக்கிற மருந்து. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் கறக்கும். அதனால்தான் அதைச் சாப்பாட்டோடு போடச் சொல்கிறோம். கல்யாண வீடு, தேர்த் திருவிழா, பயணம் என்று வந்தால் தாமாகவே ஒன்றைக் கூட்டிப் போடுவது நம்மவர்களுக்குப் பழகிப் போய்விட்டது. யார் சொன்னது என்று கேட்டால், பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார் என்பார்கள். அந்த அண்ணன் உங்கள் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வரப்போவதில்லை. மெட்ஃபோமின் மட்டும் எடுப்பவருக்கு இப்படிச் சீனி விழுவது அரிது. கிளிக்லசைட், கிளிமெபிரைட், கிளிபென்கிளமைட், இன்சுலின், இவற்றில் ஒன்று கிளினிக் கொப்பியில் இருந்தால் கதை வேறு. அதோடு அன்றைக்கு விடியற்காலைக் குளிர். உடம்பு குளிரில் நடுங்கும்போது தசைகள் சீனியை எரிக்கும். இருந்த கொஞ்சமும் நானுஓயா ஏற்றத்திலேயே கரைந்திருக்கும்.

சரி, நடுக்கமும் படபடப்பும் ஏன் வரவில்லை? பிரஷருக்கு அட்டெனலோல் எடுக்கிறீர்கள். சீனி விழும்போது உடம்பு அட்ரினலினை விட்டு எச்சரிக்கும். அதனால்தான் நெஞ்சு அடித்துக்கொள்வதும் கை ஆடுவதும். அட்டெனலோல் அந்த எச்சரிக்கையின் வாயைப் பொத்திவிடும். வியர்வையை மட்டும் அதனால் அடக்க முடியாது. ஆக, இணையத்தில் நீங்கள் பார்த்து டிக் போட்ட பட்டியல் வேறொருவருக்கு எழுதியது. உங்களுக்கு மிஞ்சியிருக்கிற முக்கியமான முன்னறிகுறி வியர்வை.

அந்த வியர்வையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், என்னவென்று தெரியாமல். சீதை அம்மன் கோயிலைத் தாண்டும்போது மற்ற எட்டுப் பேரும் ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டிருந்தார்கள். நீங்கள் திறந்துவிட்டீர்கள். கையுறை உள்ளே நனைந்திருந்தது, மழை ஈரம் என்று நினைத்தீர்கள். ஹெல்மட் கண்ணாடி உள்பக்கமாகப் புகை படிந்தது, பனி என்று நினைத்தீர்கள். மழையும் பனியும் எல்லோருக்கும் பொது. உங்களுக்கு மட்டும் முதுகில் சேர்ட் ஒட்டினால் அது வானிலை அல்ல. குளிர் காற்றில், வேலை எதுவும் செய்யாமல், பிடரியிலும் நெற்றியிலும் சில்லென்று வியர்த்தால் அடுத்த வளைவு வரை பார்க்காதீர்கள். அங்கேயே ஓரங்கட்டுங்கள். அதற்கு அடுத்து வருவது மூளைக் குழப்பம், அது வந்த பிறகு ஓரங்கட்ட வேண்டும் என்ற யோசனையே வராது. ஞாபகமில்லை என்கிறீர்களே, அந்த வளைவுகளை அப்படித்தான் கடந்திருக்கிறீர்கள்.

பின்னால் வந்த நண்பர் நீங்கள் வெள்ளைக் கோட்டை இரண்டு முறை தாண்டியதைப் பார்த்து, ஹோர்ன் அடித்து, முந்தி வந்து மறித்திருக்கிறார். "என்னா மச்சான், ரோட்டு நடுவுல போற" என்று கேட்டவரை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறீர்கள். மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். கேளுங்கள், அது உங்கள் இருவருக்கும் இடையிலான விஷயம். என் கணக்கில் அந்த ஏச்சும் நோயின் அடையாளம்தான். மூளைக்குச் சீனி போதாதபோது சாதுவான மனிதரும் எரிந்து விழுவார். "எனக்கொண்ணுமில்ல, போவோம்" என்று அடம்பிடிப்பார். அந்த நேரத்தில் அவர் சொல்வதைக் கேட்கக் கூடாது. நண்பர் கேட்கவில்லை. கடைக்கு இழுத்துப்போய் மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியைக் குடிக்க வைத்தார், பத்து நிமிடத்தில் நீங்கள் தெளிந்துவிட்டீர்கள். அந்தத் தேத்தண்ணியே நோயையும் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஆனால் தெளிந்த கையோடு மறுபடி பைக்கில் ஏறினீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குக் கோபம். உள்ளே போன இரண்டு குளிசையும் இன்னும் பல மணி நேரம் வேலை செய்யும். தேத்தண்ணிச் சீனி சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் இந்தப் பகுதியை உங்கள் கூட்டத்தில் எல்லோரும் படிக்கட்டும். முதலில் பைக் சாவியை எடுத்துவிட வேண்டும். பிறகு மூன்று தேக்கரண்டி சீனி, இல்லையென்றால் இனிப்பான சோடா ஒரு கோப்பை. போத்தலில் பச்சை நிறக் குறி இருந்தால் அது இந்த நேரத்துக்கு உதவாது. நம் நாட்டில் 2016 முதல் போத்தலில் ஒட்டுகிற நிறக் குறியில் பச்சை என்றால் சீனி மிகக் குறைவு என்று அர்த்தம். சொக்லட்டும் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனியைத் தாமதமாக்கும். 15 நிமிடம் பொறுத்து, தெளிவில்லை என்றால் இன்னொரு தடவை அதே அளவு. தெளிந்த பிறகு பாண், பிஸ்கட், ரொட்டி என்று வயிற்றில் நிற்கிற ஏதாவது. அழைத்தால் பதில் இல்லை, விழுங்க முடியவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டு 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அப்படி விழுந்தவர் எழுந்து உட்கார்ந்து பகிடி விட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். இந்தக் குளிசைகளால் விழுந்த சீனி, ஏறிய பிறகும் மறுபடி விழக்கூடும்.

இனி அப்பாவைப் பற்றி. நான்கு பக்கமும் சுற்றி வந்து நீங்கள் பயப்படுவது அதற்குத்தான். சீனி போட்ட தேத்தண்ணிக்கு மாரடைப்பு பத்து நிமிடத்தில் தெளியாது, அன்றைக்கு நடந்தது அதுவல்ல என்றே நினைக்கிறேன். அதற்காக உங்கள் நெஞ்சுக்கு நான் சான்றிதழ் தர முடியாது. நீண்ட நாள் சீனி வியாதிக்காரருக்கு நெஞ்சு வலியே இல்லாமல், வெறும் வியர்வையோடும் மூச்சு வாங்கலோடும் மாரடைப்பு வருவதுண்டு. ஆகவே சீனி கொடுத்து 15 நிமிடமாகியும் வியர்வை நிற்கவில்லை, அல்லது நெஞ்சில் பாரம், மூச்சு முட்டல் இருக்கிறது என்றால் இரண்டாவது தேத்தண்ணி வேலை செய்யட்டும் என்று காத்திருக்காமல் 1990. அப்பாவின் கதையைக் கிளினிக்கில் சொல்லி ஒரு ஈசிஜி, கொலஸ்ட்ரோல், கிரியட்டினின் எடுங்கள். கடைசியாகச் சொன்னது சிறுநீரகத்துக்கு. அது சுணங்கினால் கிளிக்லசைட் வகைக் குளிசைகளில் சில உடம்பில் தேங்கி, சீனியை இன்னும் ஆழமாக விழுத்தும்.

மலை உயர நோயை மறந்துவிடுங்கள். பொதுவாக அது 2,500 மீட்டருக்கு மேல்தான் ஆரம்பிக்கும். நுவரெலியா நகரம் 1,868 மீட்டர். நம் தீவின் மிக உயர்ந்த உச்சியான பிதுருதலாகலையே 2,524 மீட்டர்தான். லடாக் பயண வீடியோக்களைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் எல்லோருக்கும் மலை உயர நோய்க் குளிசையான டயமொக்ஸ் வாங்கிக் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். லே நகரமே 3,500 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து 5,300 மீட்டருக்கு மேலுள்ள கார்டுங் லா கணவாயைத் தாண்டித்தான் நுப்ரா மணல்மேடுகளுக்கு இறங்குவார்கள், அவர்களுக்கு அந்த மருந்து அர்த்தமுள்ளது. ஹட்டன் ஆளுக்கு நுவரெலியா போக டயமொக்ஸா? அதைச் சீட்டில்லாமல் விற்ற பாமசிக்காரரிடமும் எனக்கு நான்கு வார்த்தை பேச இருக்கிறது. உங்கள் விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது பெரும்பாலும் அந்த மருந்தின் பக்கவிளைவு. மிச்சம் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்ததால். இரண்டு கையிலும் ஒன்றாக வந்து ஒன்றாகப் போகிற விறைப்பைப் பக்கவாதம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சிறுநீர் மஞ்சளுக்கும் தனிக் காரணம் தேட வேண்டாம். டயமொக்ஸ் தண்ணீரை வெளியே தள்ளும், வெல்லவாய வெயில் மீதியைக் குடித்துவிடும். முதுகு வலி? 49 வயதில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பைக்கில் குனிந்திருந்தால் வலிக்காமல் என்ன செய்யும்.

அடுத்த பயணத்துக்கு முன் கிளினிக்கில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், இரண்டு குளிசை போட்டதையும் சேர்த்து. அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா, அட்டெனலோலுக்குப் பதில் வேறொன்றா என்பதை அவர்கள் பார்ப்பார்கள். பயந்துபோய் எல்லாக் குளிசையையும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், அது அடுத்த முட்டாள்தனம். ஒரு குளுக்கோமீட்டர் வாங்குங்கள். கிளம்பும் முன் ஒரு தடவை, பிறகு இரண்டு மணிக்கொரு தடவை குத்திப் பாருங்கள். மீட்டரில் 90க்குக் (mg/dL) கீழே என்றால் முதலில் சாப்பாடு. 70க்குக் கீழே போயிருந்தால், சீனி ஏறிய பிறகும் 45 நிமிடம் பைக்கைத் தொடாதீர்கள், மூளை முழுதாகத் தெளிய அவ்வளவு நேரம் வேண்டும். நுவரெலியாவில் ஸ்ட்ரோபெரி சாப்பிட்ட கையோடு விரலைக் குத்தினால் மீட்டர் பொய் சொல்லும். கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். ஸ்ட்ரிப் டப்பாவை எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இன்னொன்று. எல்லயிலிருந்து இராவணா அருவியைத் தாண்டி வெல்லவாய இறங்கியதும், அந்த வரண்ட வெக்கையில் எல்லோருக்கும்தான் வியர்க்கும். மேலே உங்களைக் காப்பாற்றுகிற அடையாளம் அங்கே ஒன்றுக்கும் உதவாது. அங்கே மீட்டரையும் பின்னால் வருபவரின் கண்ணையும்தான் நம்ப வேண்டும். அதனால் கூட்டத்தில் கடைசி ஆளாகப் போகாதீர்கள். அந்த நண்பரையே உங்களுக்குப் பின்னால் வரச் சொல்லுங்கள். சீனிப் பொட்டலத்தை பைக் பெட்டியில் அல்ல, ஜாக்கெட் பையில், அவருக்குத் தெரிகிற பையில் வையுங்கள். முதல் நாள் இரவு "குளிருக்கு" என்று போடுவதையும் விடுங்கள். சாராயம் ஈரலிலிருந்து சீனி வெளியே வருவதைத் தடுக்கும், மறுநாள் காலையிலும் அதன் வேலை தொடரும்.

காதா? இறங்கும்போது எச்சிலை விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், திறந்துகொள்ளும்.